மூடிய பாலமும் ஏழு நகல்களும்

ஆம்புலன்ஸ் அழைப்பு நிலையத்தில் அவளை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் ஃபங்ஷனை, அதாவது அந்தச் சின்ன நிரல் துண்டை, ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவள் அவள். எந்த நிரல் கோப்புக்குத் தேவைப்பட்டாலும் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுவாள்.

அன்று மதியம் கணவன் எதிரே வந்து நின்றான். அதே நிலையத்தில் வண்டி ஓட்டுபவன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“பாலத்தை மூடினது ஊருக்கே தெரியும். உன் சர்வருக்கு மட்டும் தெரியாதா? பாதி வழியில வண்டியைத் திருப்பினேன். நல்லவேளை, எனக்காகக் காத்திருந்த நோயாளிப் பெரியவர் தாங்கிட்டார்.”

“நேத்தே மாத்திட்டேங்க.”

“அப்போ என்னை யாரு அந்தப் பக்கம் அனுப்பினது?”

அவளுக்குச் சுருக்கென்றது. மாற்றியது தொலைபேசி அழைப்புக்கான கோப்பில். செயலி வழியாக வரும் அழைப்புக்கான கோப்பில் பழைய நகல் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. தேடத் தேட, மொத்தம் ஏழு நகல்கள்.

ஏழு நகல்களையும் அழித்தாள். வண்டித் தேர்வுக்கு ஒரு கோப்பு, மூடிய சாலைகளுக்கு ஒரு கோப்பு. இரண்டும் தங்களிடம் உள்ளதை எக்ஸ்போர்ட் செய்யும், அதாவது மற்ற கோப்புகளுக்கு வெளியே நீட்டும். வேண்டிய கோப்புகள் ரிக்வயர் என்று ஒரே வரியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சோதனை சர்வரில் ஓட்டினாள். குப்புற விழுந்தது. அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்றது.

திரையையே முறைத்தவளுக்குப் பொறி தட்டியது. வண்டிக் கோப்பு சாலைக் கோப்பைக் கேட்கிறது. சாலைக் கோப்போ தூரம் கணக்கிட வண்டிக் கோப்பையே திருப்பிக் கேட்கிறது. முழுதாகத் தயாராகாத கோப்பு வெறுங்கையை நீட்டிவிட்டது. தூரக் கணக்கைப் பிரித்து மூன்றாவது கோப்பில் வைத்தாள். இரண்டும் அங்கிருந்து வாங்கிக்கொண்டன.

ஓடியது.

“சோதனைக்குச் சந்தை ரோட்டை மூடுங்க சார்,” என்றாள் மேற்பார்வையாளரிடம். அவர் தன் திரையில் மூடினார். செயலியில் வழி மாறியது. தொலைபேசிப் பக்கத்திலும் மாறியது. சர்வர் அந்தக் கோப்பை ஒரே முறை ஏற்றி, கேட்ட எல்லோருக்கும் அதையே கொடுக்கிறது. ஒருவர் மூடினால் எல்லோருக்கும் மூடியதுதான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இப்ப திறங்க. மறுபடி மூடுங்க.”

“போதும்மா, ரோடு தேஞ்சிடும்,” என்றார் அவர்.

உண்மையான சர்வரில் ஏற்றிய சிறிது நேரத்தில் செயலி வழியாக ஒரு அழைப்பு வந்தது. பிரசவ வலி, ஆற்றுக்கு அக்கரை. திரை சுற்றுச்சாலையைக் காட்டியது. கணவன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் வண்டிகளின் வயர்லெஸ் பேச்சு கேட்கும் ஒலிபெருக்கியின் அடியிலேயே நின்றாள்.

“ஆள் ஏறியாச்சு. வழி சுத்தமா இருக்கு,” என்றது அவன் குரல்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, வண்டி வந்துசேரும் நேரத்தைச் சொல்லும் ஃபங்ஷனுக்கு எத்தனை நகல்கள் என்று தேடத் தொடங்கினாள்.