அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து அந்தப் பெரியவர் எங்கள் நூலகத்துக்கு வருவார். நெடிய உருவம், வெயிலில் கறுத்த முகம். என் அப்பாவைப் போலவே எழுத்து தெரியாதவர். உள்ளே வந்தால் கதவைச் சாத்தவே மாட்டார். மேசையிலிருக்கும் நூலட்டைகள், ஒவ்வொரு நூலின் விவரமும் எழுதிய சிறு அட்டைகள், காற்றில் பறக்கின்றன என்று பலமுறை கடிந்திருக்கிறேன்.

சமஸ்தானம் இருந்த நாளில் அவருடைய மகன் வரியை எதிர்த்து, பெயர் போடாமல் ஒரு சிறுநூல் எழுதி அச்சிட்டான். கண்டுபிடித்துச் சிறையில் வைத்தார்கள். அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். அந்தச் சிறுநூலின் ஒரு பிரதி எங்கள் நூலகத்துக்கு வந்திருந்தது. அதற்கான நூலட்டையில் மகன் பெயர் இருக்கவேண்டும் என்பதுதான் பெரியவரின் ஒரே கோரிக்கை. அதை அச்சிட்ட அச்சகக்காரர் வந்து, எழுதியது அவன்தான் என்று சாட்சி சொன்ன பிறகு பெயரை எழுதினேன்.

அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பேரு எங்கிட்டு இருக்கு தம்பி?"

தொட்டுக் காட்டினேன்.

"ரெண்டு பக்கமும் கம்பி மாதிரி நிக்கிதே, அது என்ன?"

"அடைப்புக்குறிங்கய்யா. நூல்ல இல்லாத பேரை நாமளா சேத்தா அப்படித்தான் போடணும். அதான் விதி."

"எடுக்க முடியாதா?"

"முடியாதுங்கய்யா."

"சரி. இங்கயும் உள்ளதான் வச்சிருக்கீங்க."

குரலில் கோபம் இல்லை. அட்டையை இழுப்பறையில் தானே வைத்தார். இழுப்பறையை முழுக்கத் தள்ளாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுப் போனார்.

மாலையில் நூலகத்தைப் பூட்டும்போது அந்த இழுப்பறையைச் சாத்த எனக்கு மனம் வரவில்லை.