செவ்வந்தி நிற்கும் இடம்

1. பேசின் சத்தம்

செவ்வந்தி பிறந்த மூன்றாம் நாள் காலை அவளுடைய தாய் இறந்துபோனது. இந்தியாவிலிருந்து சினையோடு கொண்டுவந்த தரோபிரெட் இனப் பெண்குதிரை அது. பிரசவத்தில் உள்ளே எங்கோ இரத்தம் கசிந்திருக்கிறது என்றார் மிருக வைத்தியர். குட்டிக்குச் சீம்பால் கிடைத்திருந்ததே பெரிய அதிர்ஷ்டம்.

கண்டிப் பக்கம், வத்தேகமவுக்கு மேலே ஒரு பழைய தேயிலைத் தோட்டத்தில் எங்கள் முதலாளி சிறிய லாயம் வைத்திருக்கிறார். அங்கே நான் சூப்பர்வைசர். தீவனம், மருந்து, ஆட்கள் எல்லாம் என் பொறுப்பு. லாயத்தில் புதிதாகச் சேருபவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகள் திவ்யா அப்போது ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். இருவரும் மாறி மாறி ஆட்டுப்பால் கொடுத்தோம். குட்டி சீக்கிரமே போத்தலை விட்டு, அகன்ற தகரப் பேசினில் வாய் வைத்துக் குடிக்கப் பழகியது. வேலியின் கடைசியில் நின்று கோப்பையால் பேசினைத் தட்டுவேன். மேட்டிலிருந்து நாலு காலும் பின்ன ஓடிவந்து, என் வயிற்றில் மூக்கை இடித்து நிற்கும். பதிவில் அவளுக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. செம்பட்டை நிறத்தைப் பார்த்து நாங்கள் செவ்வந்தி என்றோம்.

குதிரைகளின் பழக்கம் வரவேண்டுமே என்று வயதான ஆண்குதிரை ஒன்றோடும் மேயவிட்டோம். ஆனாலும் பேசின் சத்தம் கேட்டால் அவனை விட்டுவிட்டு வந்துவிடுவாள்.

2. மாஸ்டரின் கோபம்

இரண்டு வயதில் அவளை டிரெயினிங்குக்கு எடுத்தோம். டிரெயினர் ரஹீம் மாஸ்டர் கடுகண்ணாவைக்காரர். காலப் ஓட்டம் முடிந்ததும் செவ்வந்தி நேராக என்னிடம் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் தலையில் கை வைத்தார்.

"இது குதிரையா, ஊட்டு ஆடா? ஆளக் கண்ட எடத்துல நிண்டா ரேஸ் எப்பிடி ஓடும் தங்கச்சி?"

"தாயில்லாத குட்டி, மாஸ்டர்."

"தாயாத்தான் நீங்க இருக்கீங்களே. அதுதான் கரச்சல்."

இன்னொரு கரச்சலும் இருந்தது. வேறு யார் ஏறினாலும் செவ்வந்தி முதுகை வளைத்துத் தள்ளிவிடுவாள். திவ்யாவை மட்டும்தான் ஏற்றிக்கொள்வாள். திவ்யா ரேஸ் குதிரை ஓட்ட ஜொக்கி லைசன்ஸ் எடுத்தாள். அதே வருடம் வேறொரு குதிரையிலிருந்து விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டாள். கண்டி ஆஸ்பத்திரி வாட்டில் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தபடி இருந்தேன். எலும்பு கூடிவிட்டது. எனக்குள் இருந்த நடுக்கம் கூடவே தங்கிவிட்டது.

3. வளைவுக்கு அப்பால்

மூன்று வயதில் செவ்வந்திக்கு முதல் ரேஸ், நுவரெலியா ஏப்ரல் சீசனில். திவ்யாதான் ஜொக்கி. அன்று காலை சேணம் கட்டும்போது மாஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"ரெய்ல் வேலிக்குப் பக்கத்துல வர வேணாம் தங்கச்சி. நடு ரேஸ்ல ஒங்களக் கண்டு நிண்டுட்டா, பின்னால வாரதெல்லாம் புள்ளைக்கு மேல ஏறிரும்."

"அப்ப நான் எங்க நிக்கிறது?"

"லொறிக்குள்ள இருங்க."

திவ்யா சிரித்தாள். "லொறிக்குள்ள விட்டா அம்மா லொறியையே ஓட்டிக்கிட்டு வந்துருவாங்க, மாஸ்டர்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வின்னிங் போஸ்ட்டத் தாண்டிப் போங்க. குதிரையெல்லாம் வேகம் கொறைக்கிற வளைவு இருக்கே, அதுக்கும் அங்கால. அங்க நிண்டா யாருக்கும் தொந்தரவில்ல."

ரேஸ் முடிந்ததும் செவ்வந்திக்குக் கொடுக்க கரட்டும், தண்ணீருக்குப் பேசினும் கோப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து ரேஸ் தெரியவில்லை. ஒலிபெருக்கி கத்தியது. பிறகு குளம்புச் சத்தம். செவ்வந்தி நாலாவதாக வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போஸ்ட்டைத் தாண்டிய மற்றக் குதிரைகள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்தன. செவ்வந்தி குறைக்கவில்லை. கடிவாளத்தின் ஒரு பக்க வார் அறுந்து அவள் முன்னங்காலடியில் ஆடிக்கொண்டிருந்தது. திவ்யா பிடரி மயிரைப் பிடித்துக் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தாள். அந்தப் பாதையின் முடிவில் திறந்த கேட். கேட்டுக்கு வெளியே வாகனங்கள்.

நான் பேசினைத் தட்டினேன். கோப்பை பேசினில் கண்டபடி மோதியது. அப்படி ஓடிவரும் மிருகத்தை என் பக்கம் நானே கூப்பிடுகிறேன், அதன் முதுகில் என் பிள்ளை. வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செவ்வந்தியின் காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பின. ஓட்டம் தளர்ந்து துள்ளுநடையானது, பிறகு வெறும் நடையானது. ரெய்லுக்கு மேலால் தலையை நீட்டி என் வயிற்றில் மூக்கை இடித்தாள்.

"அம்மா, போதும், தட்டாதீங்க" என்றாள் திவ்யா. நான் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மாஸ்டர் மூச்சு வாங்க ஓடிவந்தார். அறுந்த வாரைப் பார்த்தார். திவ்யாவைப் பார்த்தார். பேசினைப் பார்த்தார்.

"கரட்டக் குடுங்க தங்கச்சி" என்றார். "அது கேக்குதுல்ல."

4. இப்போது

செவ்வந்தி இன்னும் இரண்டு சீசன் ஓடினாள். ஒரே ஒரு ரேஸ் ஜெயித்தாள். பிறகு காலில் நரம்பு வீங்கவே, இனவிருத்திக்கென்று வத்தேகமவுக்கே கொண்டுவந்துவிட்டோம். திவ்யா இன்னும் ரேஸ் ஓட்டுகிறாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் வளைவுக்கு அப்பால் போய் நிற்கிறேன். குளம்புச் சத்தம் கேட்டால் இன்றும் கை கோப்பையைத் தேடுகிறது.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஓட்டம் வம்சத்தில் வரும். அதற்காகத்தான் தாய் தகப்பன் பார்த்து வாங்குகிறோம். நிற்பதை யாராவது தினமும் ஒரே இடத்தில் நின்றுதான் பழக்க வேண்டும்.

செவ்வந்தி இப்போது ஓர் ஆண்குட்டி போட்டிருக்கிறாள். அவனுக்குத் தாய் இருக்கிறாள், நான் கொடுக்கும் பால் தேவையில்லை. இருந்தாலும் காலையில் பேசினோடு வேலியின் கடைசிக்குப் போகிறேன். தட்டியதும் செவ்வந்தி வருகிறாள், அவளுக்குப் பின்னால் கால் பின்னப் பின்ன அவனும் வருகிறான்.

"இவன நான்தான் ஓட்டுவேன்" என்கிறாள் திவ்யா.

நான் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டுகிறேன்.