கொம்பு மேல் தட்டில், குளம்பு கீழ்த் தட்டில்

முத்திருளாண்டி அண்ணன் தவறிப்போன செய்தியை எனக்குப் போனில் சொன்னவர் அவனியாபுரம் பாண்டி. ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். “அக்கா, நம்ம லைப்ரரி அண்ணே போயிட்டாருக்கா. காலையில டீ கேட்டாராம், போட்டுக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்” என்றார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நான் புத்தகத்தை எப்பவோ குடுத்துட்டேன்க்கா. அது பட்டியல்ல சரியா ஏறியிருக்கான்னு ஒருக்கா பாத்துக்கங்க” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததைப் பார்த்து, இடமே இல்லாத அந்த ஆட்டோவிலும் பக்கத்து அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பரவை மார்க்கெட்டை ஒட்டி ஒரு வியாபாரிகள் சங்கத்தின் மாடி அறையில், அந்தக் காலத்து வியாபாரிகள் சேர்த்த புத்தகங்கள் இருந்தன. மாட்டு வைத்தியம், ஆட்டு வைத்தியம், உடம்பில் மயிர்ச்சுழி பார்த்துக் காளை வாங்கும் சாஸ்திரம், நாலைந்து ஓலைச்சுவடிக் கட்டுகள். சம்பளம் வாங்காமல் அவற்றைக் கட்டிக் காத்தவர் அவர். சங்கத்துச் செயலாளருக்கோ, காற்றோட்டமான அந்த அறையில் வெங்காயம் வைக்க ஆசை. “பொங்கல் வரைக்கும் பாப்போம்ணே. ஆள் வந்தா லைப்ரரி, வரலைன்னா வெங்காயம்” என்று கெடு வைத்துவிட்டார். கெடு தப்பினால் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் நான் போனேன். ஊர் ஊராக இருக்கும் சின்ன நூலகங்களின் புத்தகங்களை ஒரே இணையப் பட்டியலில் சேர்ப்பது என் வேலை. எது எங்கே இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் செல்போனில் தேடிக்கொள்ளலாம். “இதுல ஏத்துனா ஆள் வருமா தங்கச்சி?” என்று கேட்டார். வரும் என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்?

புத்தகங்களை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பெரிய பெருமையோடு அலமாரியைக் காட்டினார். கொம்பு, கண், காது பற்றியவை மேல் தட்டு. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம் நடுத்தட்டு. குளம்பு நோய் கீழ்த் தட்டு. மடி சம்பந்தப்பட்டவை கீழே, பின்வரிசையில். வாலுக்குத் தனிப் புத்தகம் கிடைக்காததால் கடைசி இடத்தைக் காலியாக விட்டிருந்தார். “மாட்டைத் தெரிஞ்சவனுக்குப் புத்தகம் எங்கருக்குன்னு சொல்ல வேண்டியதில்ல” என்பார். உலகம் முழுக்க ஒரே மாதிரி எண் கொடுக்கும் முறை ஒன்று உண்டு என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்புட்டு நம்பர் இருக்கே, இதுல வால் எங்க?” என்றார்.

பிறகு நடந்ததற்கெல்லாம் தப்பு என்னுடையது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கணினியில் இரண்டு குறிப்புக் கட்டங்கள் உண்டு. ஒன்று எல்லோர் கண்ணிலும் படும். மற்றது ஊழியர்களுக்கு மட்டும். புத்தகம் என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள் என்று சொல்லி, பொதுக் கட்டத்தைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். அண்ணன் ஒற்றை விரலால் வாரக்கணக்கில் தட்டினார். “பன்னிரண்டு பக்கத்தை எலி தின்றது. எலிக்கு ஒன்றும் ஆகவில்லை.” “மருந்து அளவு தவறு. இதை நம்பி ஓர் ஆட்டைப் பறிகொடுத்தோம்.” இப்படியே போய், “அவனியாபுரம் பாண்டி எடுத்துப்போய் இரண்டு வருடம். காளை வாங்கிவிட்டார். அதற்குச் சுழி சரியில்லை. புத்தகமும் வரவில்லை.” நான் படித்துப் பார்க்காமலே அத்தனையையும் இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

பாண்டியின் காளையை விலைபேச வந்த ஆள் செல்போனில் சுழி சாஸ்திரம் தேடியிருக்கிறார். வந்து விழுந்தது அந்தக் குறிப்பு. மறுநாள் பாண்டி காளையைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு பரவைக்கே வந்துவிட்டார். “என் மாட்டுக்குச் சுழி சரியில்லைன்னு ஊரு ஒலகம் பூரா போட்டுவிட்டீகளே, எறங்கி வாங்கண்ணே கீழ!” என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கையில், நிரூபிப்பதற்காக, அந்தப் புத்தகம்.

அன்றைக்கு நானும் மாடியில் இருந்தேன். அண்ணன் நிதானமாக இறங்கி வந்தார். முதல் வேலையாகப் புத்தகத்தை வாங்கிப் பக்கம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் காளையைப் பார்த்தார். தக்காளிக் கூடைக்காரர்களும் லோடுமேன்களும் சுற்றி நிற்க, புத்தகத்துப் படத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்து, “சுழி சுத்தமாத்தான் இருக்கு. எம் மேலதான் தப்பு” என்றார். சபையில் தப்பை ஒத்துக்கொண்ட கையோடு மாடிக்கு ஏறிப்போய்த் திருத்தம் தட்டினார்: “காளை குற்றமற்றது. பாண்டி மேல் சொன்னது நிற்கிறது.”

கூட்டம் அவர் பின்னாலேயே மாடி ஏறியது. பசு சினை பிடிக்காதவர், ஆட்டுக்குக் கழிச்சல் கண்டவர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர். அடுத்த நாளும் வந்தார்கள். பட்டியலில் தங்கள் பெயரும் வந்துவிடுமோ என்று பயந்து, கோச்சடையிலிருந்துகூடப் பழைய புத்தகங்களைத் துணிப்பையில் கொண்டுவந்து போட்டார்கள். பொங்கலுக்கு முன்பே செயலாளர் வந்து, உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றபடி, “வெங்காயத்துக்கு வேற எடம் பாத்துக்கிறோம்ணே” என்றார். அண்ணன், “செருப்பை வெளிய விட்டுட்டு வாப்பா” என்றார்.

போன வாரம், அவர் போன பிறகு, எங்கள் தலைமை அலுவலகம் அந்தக் குறிப்புகளை எல்லாம் பொதுக் கட்டத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னது. ஒவ்வொன்றாகப் படித்து, தனியாகச் சிரித்து, உள்கட்டத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தேன். ஆட்டு வைத்தியப் புத்தகம் ஒன்றின் கீழே இப்படி எழுதியிருந்தார்: “பட்டியல் போடும் தங்கச்சி எடுத்துப் போயிருக்கிறது. அதன் வீட்டில் ஆடும் இல்லை, மாடும் இல்லை. இந்த அறையிலிருந்து படிப்பதற்காகவே புத்தகம் எடுத்தது இந்தப் பிள்ளை ஒன்றுதான். யாரும் திருப்பிக் கேட்க வேண்டாம்.”

அந்தக் குறிப்பை மட்டும் நான் எடுக்கவில்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.