காலண்டருக்குப் பின்னால் ஒரு குருத்தோலை

கூடத்துச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்குகிறது. அதற்குப் பின்னால், அதே ஆணியில், ஒரு குருத்தோலைச் சிலுவையைச் செருகி வைத்திருக்கிறேன். என் சுண்டுவிரல் நீளம்தான். கைக்கு வந்தபோது இளமஞ்சளாய், தொட்டால் குளிர்ச்சியாய் இருந்தது. இப்போது வைக்கோல் நிறமாகி, ஒரு பக்கம் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் பழைய காலண்டரைக் கழற்றும்போது அதைக் கையில் எடுத்துத் தூசியை ஊதிவிட்டு, புதுக் காலண்டருக்குப் பின்னால் திரும்பச் செருகிவிடுவேன். முருகன் படம் மாட்டிய வீட்டில் இது எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒன்றுதான் உண்டு. அது என்னுடையது இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான், மெதுவாக வரும். ஆனால் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையில் இருபத்தேழு வருஷம் மாலை கட்டி, மகனைப் படிக்கவைத்து, தோ பாயோவில் இந்த மூவறை வீட்டைச் சொந்தமாக்கியவள். யாரிடமும் போய்க் கை நீட்டினதில்லை. யாரிடமும் மன்னிப்பும் கேட்டதில்லை. இரண்டையும் ஒரே பெருமையாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போன பிறகு, மகன் புக்கிட் பாஞ்சாங்கில் தனிக் குடித்தனம் இருக்க, சும்மா கிடந்த அறையை ஒரு புருஷன் பெண்சாதிக்கு வாடகைக்கு விட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் மேற்பார்வை வேலை. அவள் ஊரில் டீச்சராக இருந்தவள், இங்கே வீட்டோடு இருந்தாள். வந்த அன்றைக்கு என்னை ஆன்ட்டி என்றாள். ஆன்ட்டி என்று கூப்பிட மார்க்கெட்டில் நூறு பேர் இருக்கிறார்கள், நீ அம்மா என்று கூப்பிடு என்றேன். அன்றிலிருந்து நான் அம்மா, அவள் பிள்ளை, அவர் தம்பி.

அந்த வருஷத் தைப்பூசத்துக்கு வழக்கம்போல் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். நான் விரதம் இருந்தால் எங்கள் புளோக்கில் எல்லா மாடிக்கும் தெரியும். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டுதான் குப்பை போடவே போவேன். லிஃப்டில் சீனக் கிழவியிடம்கூட வயிற்றைத் தட்டிக் காட்டி, இன்றைக்கு ஒருபொழுது என்று கையாலேயே சொல்லிவிடுவேன். மூன்றாவது நாளே கவனித்தேன், அடுப்படியில் மீன் வாசம் இல்லை. கடல்கரையில் பிறந்த பிள்ளைகள், மீன் இல்லாமல் சோறு இறங்காது. எனக்காக நீங்கள் ஏன் வாயைக் கட்ட வேண்டும் என்று கேட்டேன். "மீன் எங்கயும் போயிராதும்மா. நீங்க முடிச்சுட்டு வாங்க, சேந்து சாப்பிடுவோம்" என்றாள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை என் பால்குடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர்ப் புட்டியோடு நடந்து வந்தாள். திரும்பும்போது ரயில் நிலையப் படியில் எனக்குக் கால் இடறிக் கண் இருட்டியது. இரண்டு கையாலும் என்னைத் தாங்கிப் பிடித்து, அத்தனை ஜனத்துக்கு நடுவில் தரையில் உட்காரவைத்து, என் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிட்டாள். அந்தக் கையின் சூடு இப்போதும் தெரிகிறது. அதனால்தான் பின்னால் நடந்ததை எப்படிச் சொல்வது என்று தயங்குகிறேன்.

தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளிலேயே கிருமி பயத்தில் அவர்கள் கோயிலில் பூசையை நிறுத்திவிட்டார்கள். சர்ச்சை அவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை போனில் வந்தது. அறைக்குள் சிக்னல் சரியில்லை என்று கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டார். என் அரிசி டின்மேல் போனைச் சாய்த்து வைப்பார்கள். அவள் பட்டுப்புடவை கட்டி முக்காடு போட்டிருப்பாள். அவர் இஸ்திரி போட்ட சட்டை, வேட்டி. எங்கேயும் போகவில்லை, ஆனாலும் போகிறவர்கள் மாதிரியே நிற்பார்கள். நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். போனுக்குள் இருக்கிற சாமியாருக்கு உங்கள் வேட்டி தெரியவா போகிறது என்று ஒருநாள் கேலி செய்தேன். "அவருக்குத் தெரியாதும்மா. கைலியோட நின்னா இவ பாக்குற பார்வை இருக்கே, அதுக்குத்தான்" என்றார். அவள் பூசை நடுவிலேயே அவரை முழங்கையால் இடித்தாள்.

குருத்து ஞாயிறு வந்தது. ஊரில் என்றால் ஆளுக்கொரு ஓலையைப் பிடித்துக்கொண்டு தெருவில் பாட்டுப் பாடிப் போவார்களாம். இந்த வருஷம் கோயிலில் ஓலை கொடுக்கமாட்டார்கள் என்று முகம் சுண்டிப்போய் இருந்தாள். இதற்கா இத்தனை கவலை என்று நான் வேலை பார்த்த பூக்கடைக்குப் போனேன். தோரணத்துக்கு வைத்திருந்த குருத்தில் நல்லதாக நாலு கீற்று வாங்கி வந்தேன். போனில் சாமியார் மந்திரிக்கும்போது அவள் ஒரு கிண்ணத்துத் தண்ணீரை ஓலைமேல் தெளித்துக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து சின்னச் சின்னச் சிலுவையாக மடித்தாள். எத்தனையோ தோரணம் பின்னிய என் கைக்கே அந்த மடிப்பு பிடிபடவில்லை. ஒன்றை என்னிடம் கொடுத்து, அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எல்லோருடைய ஓலையையும் சேர்த்து எரித்து அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள் என்றாள். அட, உங்களுக்கும் திருநீறுதானா என்று சிரித்தேன். நான் அவளோடு சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அந்த வாரத்திலேயே ஊரடங்கு வந்துவிட்டது. வேண்டாத காரியத்துக்கு யாரும் வெளியே போகக்கூடாது, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வரக்கூடாது. லிஃப்ட் நிற்கக்கூடாதே, அதனால் தம்பி மட்டும் தினமும் வேலைக்குப் போனார். ஊழியர் விடுதிகளில் கிருமி பரவுகிறது என்று டிவியில் நாள் முழுவதும் சொன்னார்கள். மகன் காலையிலும் மாலையிலும் போன் செய்வான். "அம்மா, அந்த ஆளு எங்கெங்க போறாருன்னு யாருக்குத் தெரியும்? கவனமா இருங்க லா" என்பான். சும்மா இருடா என்று அதட்டுவேன். ஆனால் போனை வைத்த பிறகு அவர் கழற்றிப் போட்ட செருப்பைக் குச்சியால் தள்ளிவிடுவேன்.

அப்புறம்தான் அந்தப் பிள்ளையைக் கவனிக்க ஆரம்பித்தேன். உதடு வெடித்திருந்தது. அடுப்படிக்கு வருவது குறைந்தது. பகலெல்லாம் அறைக்கதவு சாத்தியே இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கழுவின முகத்தோடு சிரித்துக்கொண்டு, "ஆச்சும்மா" என்பாள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தால் அவள் பாத்திரத்தில் சோறு வைத்தது வைத்தபடி இருக்கும். ஒருநாள் இல்லை, மூன்று நாள். இவள் எதையோ மறைக்கிறாள் என்று எனக்குள் ஒன்று விழுந்துவிட்டது. ருசி தெரியாது, சாப்பிடப் பிடிக்காது, அதுதான் அடையாளம் என்று மகன் சொல்லியிருந்தான்.

பெரிய வெள்ளியன்று நண்பகலிலிருந்து மூன்று மணிவரை அவள் கூடத்தில் முழங்காலில் நின்றாள். தம்பி வேலையில் இருந்தார். முடிந்து எழுந்து அடுப்படிப் பக்கம் நாலு எட்டு வைத்தவள், நிலைக்கதவைப் பிடித்தபடியே சரிந்தாள். நான் இரண்டு எட்டுத் தூரத்தில்தான் நின்றேன். என் கை தானாக நீண்டது. அதை நானே பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரோடு சுவராய் ஒட்டி நின்றேன். அவள் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தாள். நீண்ட கையையும் பார்த்தாள், அது திரும்பிப் போனதையும் பார்த்தாள். பிறகு தானே கையை ஊன்றி எழுந்து அறைக்குள் போனாள்.

மகனைக் கூப்பிட்டேன், மகன் தம்பியைக் கூப்பிட்டான். அவர் வேலையுடுப்போடு ஓடிவந்தார். நான் இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே நிற்க, நான் உள்ளே நின்று கம்பி வழியாகப் பேசினேன். முதலில் டாக்டரிடம் காட்டு, பிறகு வேறு இடம் பார்த்துக்கொள் என்றேன். அவர் கோபப்படவில்லை. "அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவ ஒருசந்தி இருக்கா. ஊர்ல மாமாவ, அவ அப்பாவ, ஆஸ்பத்திரியில போட்டிருக்கு, பிளேன் ஓடல, போய்ப் பாக்க முடியல. அதான் இந்த வாரம் முழுக்க ராத்திரி கஞ்சி மட்டும் குடிக்கா. ஒருசந்தி இருந்தா தலைக்கு எண்ணெ வச்சு மொகம் கழுவி, வெளிய தெரியாம இருக்கணும்னு வேதத்துல இருக்கு, அதான் யார்ட்டயும் சொல்லல" என்றார்.

அந்த இடத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஒருசந்தி என்றால் என்ன என்று தெரியாதவளா நான்? நாற்பத்தெட்டு நாளை ஊருக்கெல்லாம் தமுக்கடித்தவள். ஆனால் பயம் ஒரு பக்கம். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துப் பழக்கமில்லாத வாய் இன்னொரு பக்கம். உள்ளே அறையில் அவளுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "சாப்டாச்சுன்னு தினம் என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாளே. பொய் சொல்ற வாய்க்கு ஒருசந்தி எதுக்கு?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஞாயிறு பாஸ்கா, உயிர்ப்புப் பண்டிகை, அந்தப் பூசை மட்டும் முடியட்டும், அன்றைக்கே போய்விடுகிறோம் என்றார். நான் இல்லை என்றேன். சனிக்கிழமை காலையில் நாலு பையோடு டாக்சியில் போனார்கள். கிளமெண்டியில் ஒரு சிநேகிதர் வீட்டுக் கூடத்தில் இடம் கிடைத்ததாம். போகும்போது அவள் அறையைக் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பை மடித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்துக்கு என் கை பழக்கத்தில் டிவி சத்தத்தைக் குறைத்தது. கூடத்தில் அரிசி டின் மட்டும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவைத் தம்பி என் மகனுக்கு அனுப்பினார். "ஒண்ணும் இல்லையாம், அம்மா" என்று அவன் படித்துச் சொன்னான். சரி என்றேன். ஒரு மாதம் கழித்து, விட்டுப்போன மிக்சியை எடுக்கத் தம்பி வந்தார். இந்தத் தடவை கேட்டை அகலத் திறந்து உள்ளே வரச் சொன்னேன். "இருக்கட்டும்மா. ஒருத்தர் வீட்டுக்குள்ள ஒருத்தர் வரக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா" என்றார். குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை, அதுதான் அதிகமாகக் குத்தியது. மாமா தவறிவிட்டார், அடக்கத்தைப் போனில்தான் பார்த்தோம் என்றார். கிளமெண்டிக் கூடத்தில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் உட்கார்ந்து, வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு ஆகிவிடக்கூடாது என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாளாம். அந்த நேரத்தில் இங்கே அவள் துடைத்து வைத்த அறை கதவு திறந்து சும்மா கிடந்தது. அப்பாவுக்காக அழ ஒரு கதவு சாத்திய அறை அவளுக்கு இருந்திருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டவள் நான்.

அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, குருத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவர்கள் போகும் கோயில் வாசலுக்குப் போனேன். முன்கூட்டிப் பதிந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. வாசலில் நின்ற பெண், பழைய குருத்தா, இந்தக் கூடையில் போடுங்கம்மா என்றாள். கூடை நிறைய ஓலை. போட்டிருந்தால் அன்றைக்கே என் கணக்கு தீர்ந்திருக்கும் என்றுதான் போடவில்லை. அவர்கள் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள் என்று பிறகு மகன் சொன்னான்.

அந்த வருஷம் தொடங்கி பெரிய வெள்ளியன்று நான் சாப்பிடுவதில்லை. மஞ்சள் புடவை கிடையாது, யாருக்கும் சொல்வது கிடையாது. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொள்வேன். மகன் சாப்பாடு வாங்கி வந்து கேட்டால் ஆச்சு என்பேன். அந்தச் சொல்லைச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த வருஷப் பெரிய வெள்ளியன்று மகனிடம் அவள் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னேன். மணி அடித்தது. நான் தொண்டையைச் செருமினதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா. சாப்டீங்களா?"

"ஆச்சு" என்றேன்.

கேட்க வேண்டியதை வருஷக்கணக்காக மனசுக்குள் எழுத்துக் கூட்டி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. உன் குருத்து இன்னும் இங்கேதான் இருக்கிறது என்றேன். இத்தனை வருஷமாகவா, நீங்களே எரித்துவிடலாம், தப்பில்லை என்றாள். அது உன் பொருள், நீ வந்து வாங்கிக்கொள் என்றேன், அதட்டுகிற மாதிரி. "சரிம்மா. கிறுகிறுன்னு வந்தா எதையாவது பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. ராத்திரி கஞ்சியாவது குடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, சாப்பிட்டாச்சு என்றுதானே அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பொய் சொன்னாய் என்று சொல்லவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டே காலண்டர்வரை போனேன். குருத்தை எடுத்துத் தூசி ஊதி, முறுக்கின பக்கம் உடைந்துவிடாமல் திரும்பச் செருகினேன்.