டாரதியிடம் நான் சொன்ன ‘நோ’

மூன்று வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோறு வைக்க இடமில்லை. மேசை முழுக்க மேப் விரித்துக் கிடக்கிறது. அது சுருண்டுவிடாமல் இருக்க நான்கு மூலைக்கும் ஊறுகாய் ஜாடி, உப்புக் குப்பி, ஒரு ஆரஞ்சுப் பழம், என் மருந்து டப்பா என்று பாரம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இந்த அமெரிக்காவில் ஓரிடத்துக்குப் போவதென்றால் முதலில் காகிதத்தில் போய்விட்டு வரவேண்டும், அப்புறம்தான் காரில். ஊரில் நாம் எப்படிப் போவோம்? சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் ராஜபாளையம், திருநெல்வேலி என்று கண்டக்டர் கூவுவார். ஏறி உட்கார்ந்தால் தீர்ந்தது. திரும்பி வர வண்டி எத்தனை மணிக்கு என்றுகூட நான் கேட்டதில்லை. இங்கே என் மகன் மாடசாமி எந்த ஊரில் பெட்ரோல் போடுவது, எந்த மோட்டலில் தங்குவது, எந்தப் பாறையில் எத்தனை மணிக்கு வெயில் சிவப்பாக விழும் என்பதுவரை பென்சிலால் எழுதி வைக்கிறான். போன வருஷம் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து பெட்ரோலுக்குத் தெருமுனை வரை கார்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தவன். அந்தப் பயம் அவனுக்கு.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து கிழக்கே கிளம்பிப் பாலைவனத்தைத் தாண்டினால் லாஸ் வேகஸ் பட்டணம். அங்கிருந்து சயன் என்கிற செம்பாறைப் பள்ளத்தாக்கு. பிறகு கிராண்ட் கேன்யன், அதாவது ஒரு ஆறு காலகாலமாகப் பாறையை அறுத்து அறுத்து ஒரு மைல் ஆழத்துக்குப் போய்விட்ட பள்ளம். கடைசியில் ஃபீனிக்ஸ் பட்டணம் வழியாக வீடு. மொத்தம் ஒன்பது நாள். மகன், மருமகள் விஜயா, சிகாகோவிலிருந்து வரும் மகனுடைய சிநேகிதர், அவர் மனைவி. பேச்சு நடக்கும்போதெல்லாம் நான் அடுப்படியில்தான் நிற்பேன். ஆனால் ராத்திரி பேசி முடித்ததும் மேப்பை மடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், காலையில் மறுபடி விரிப்பார்கள். மகன் மடித்தால் அது வீங்கிய பணியாரம்போல உப்பி நிற்கும். தறிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம் துண்டு மடித்தவள் நான். எந்த மடிப்பு எந்தப் பக்கம் விழவேண்டும் என்று அதுவே சொல்லும், நாம் முரண்டு பண்ணாமல் இருந்தால் போதும். இப்படித் தினமும் மடித்துக் கொடுத்தேனா, கூடப் போகிறவர்களில் நானும் ஒருத்தி என்று நானாக நினைத்துக்கொண்டேன். வா என்று யாரும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் அரைத்து டப்பாவில் அடைத்து வைத்தேன்.

பக்கத்து வீட்டில் டாரதி இருக்கிறாள். என் வயதுதான், என்னைப்போல் புருஷனை இழந்தவள். காலையில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டுதான் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுவாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் எலுமிச்சம்பழம் கொடுப்பாள், இந்தப் பக்கமிருந்து நான் வடை கொடுப்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். மாடசாமியை அவள் ‘மேட்’ என்பாள், என்னை ‘மேட்டின் மதர்’ என்பாள். எனக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேச வராது. ஊரிலேயே வராது, இங்கே எப்படி வரும்? அன்றைக்கு அவள் வேலியில் சாய்ந்துகொண்டு கேன்யன் என்றாள், மேட் என்றாள். கடைசியில் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள், “யூ டோன்ட் வான்ட் டு கோ?” எனக்கு அது விளங்கிவிட்டது. போக உனக்கு இஷ்டமில்லையா என்று கேட்கிறாள். நான் தலையைப் பலமாக ஆட்டி “நோ” என்றேன். இல்லை, அப்படியெல்லாம் இல்லை, போக ஆசைதான் என்று அர்த்தம். டாரதி என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு இங்கிலீஷ் கேள்விக்கு இங்கிலீஷிலேயே பதில் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் நானும் உள்ளே வந்தேன்.

சாயங்காலம் மகன் செருப்பைக் கழற்றுமுன்பே கேட்டான்.

“எம்மா, நீ வரலைன்னு டாரதிகிட்ட சொன்னியாமே?”

நான் வாயைத் திறக்குமுன் அவனே தொடர்ந்தான். “நல்லதாப் போச்சு. ஒங்கிட்ட எப்படிச் சொல்லுததுன்னு முழிச்சிக்கிட்டிருந்தேன். அங்கன வெயிலு, நடை, சாப்பாடு, ஒண்ணும் ஒனக்கு ஒத்துக்கிடாது. டாரதி தெனமும் வந்து ஒன்னயப் பாத்துக்கிடுதேன்னுட்டா.”

“அத்தையே சொல்லிட்டாங்கல்லா, பொறகென்ன?” என்றாள் விஜயா.

டாரதி தப்பாக விளங்கிக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்தவன்போல என் மகன் முகம் தெளிந்ததே, அதுதான் எனக்குத் தைத்தது. அதைவிட அதிகமாகத் தைத்தது, அத்தையே சொல்லிட்டாங்க என்ற பேச்சு. அந்தப் பேச்சை நான் ஏற்கெனவே ஒருதரம் கேட்டிருக்கிறேன்.

குருவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம் எங்களுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். நான் கணக்கில் கெட்டி, எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். வாத்தியாருக்கு என்னை மேலே படிக்க வைக்க ஆசை. ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். “அண்ணாச்சி, சங்கரன்கோயில்ல ஒங்க தங்கச்சி வீட்ல விட்டுப் படிக்க வையுங்க” என்று என் அப்பாவிடம் மன்றாடினார். அப்பா பிடி கொடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து வாத்தியார் கேட்டார், “ஏட்டி, மேல படிக்க ஒனக்கு இஷ்டமில்லையா?” “இல்ல” என்றேன். இஷ்டமில்லாமல் இல்லை ஐயா, படிக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். முதல் சொல்லுக்குமேல் வரவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். “பாத்தீயளா, அவளே சொல்லிட்டா.” மறுவாரம் நான் பருத்திக் காட்டில் நின்றேன்.

அது தமிழ், இது இங்கிலீஷ். இரண்டிலும் என் ‘இல்லை’ மற்றவர்களுக்கு வேண்டிய பக்கமாகத்தான் போய் விழுந்தது. சொல்லில் குற்றமில்லை. கேட்கிறவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். என் ஆயுசில் நான் போன பயணங்களையும் எண்ணிப் பார்த்தேன். பிள்ளைப்பேறு, சாவு, நேர்த்திக்கடன். இந்த நாட்டுக்கு வந்ததுகூட விஜயா கர்ப்பமாக இருந்தபோது துணைக்கு. அது தங்கவில்லை, நான் தங்கிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகாமல், சும்மா, பார்ப்பதற்கென்று நான் எங்கேயும் போனதே கிடையாது. எனக்கு ஒருதரம் சும்மா போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு பேரும் மேப்பில் குனிந்திருந்தார்கள். நான் காப்பியைக் கொண்டுபோய்ப் பாலைவனத்தின் நட்டநடுவில் வைத்தேன்.

“நானும் வாரேன்.”

மகன் நிமிர்ந்தான். “எங்கம்மா?”

“இங்கனதான்.” கேன்யன் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை ஊன்றினேன். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி அதை முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

“நீதான வரலைன்னு சொன்னே?”

“நான் சொல்லல. நீங்க எடுத்துக்கிட்டிய.”

“எம்மா, அங்கன வெயிலு நூத்திப் பத்து டிகிரி.”

“டிகிரி எனக்குத் தெரியாது. சித்திரை வெயில்ல கரிசக்காட்டுல பருத்தி எடுத்தவகிட்ட வந்து வெயிலுன்னு சொல்லுதியே, ஒனக்கு வெக்கமா இல்ல? நீ ஏசியில ஒக்காந்து வெயில புஸ்தகத்துல படிச்சவன்.”

விஜயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ரொம்ப நடக்கணும், அத்தை” என்றாள்.

“சங்கரன்கோயில்ல ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஆடிச்சுத்து நூத்தியெட்டுச் சுத்து சுத்தினேன், கோயில் வெளிவீதிய. வெறுங்காலோட. ஒன் புருசனுக்குப் பரிச்சை பாசாகணும்னு.”

“அங்கன கோயிலே கெடையாதும்மா” என்று மகன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். “வெறும் பள்ளம். ஒனக்கு அங்க என்ன இருக்கு?”

“கோயில நான் பாத்தாச்சு. பள்ளத்தப் பாக்கத்தான் வாரேன்.”

“கார்ல எடம் இல்லம்மா. பின்னாடி நடுவுல ஐஸ் பெட்டி வைக்கணும்.”

“அப்ப, ஐஸ் பெட்டிக்குச் சீட்டு உண்டு, பெத்தவளுக்கு இல்ல?”

விஜயா காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் மனசில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். சிநேகிதர் மனைவியோடு ஒன்பது நாள் இஷ்டம்போல இருக்கலாம் என்று நினைத்திருப்பாள். சின்ன வயசு. அதில் தப்பில்லை.

“விஜயா, நீ பேண்ட் போடுததப் பாத்தா நான் மயக்கம் போட்டு விழுந்துருவேன்னு பயப்படாத. மெஷின்லருந்து எடுத்து மடிச்சி ஒன் அலமாரில வைக்கது யாரு? அடிச் சீலைக்குக் கீழ ஒளிச்சி வைக்கியே, அதயும் நாந்தான் மடிக்கேன்.”

அவள் முகம் சிவந்து, பிறகு அடக்கமாட்டாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐஸ் பெட்டி டிக்கில போகட்டும்ங்க” என்றாள் மகனிடம். “அத்தை எனக்குப் பக்கத்துல ஒக்காரட்டும்.”

மகன் பென்சிலை எடுத்து ‘நான்கு’ என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு ‘ஐந்து’ என்று எழுதினான். எழுதும்வரை நான் அங்கேயே நின்றேன். சனிக்கிழமை காலை கிளம்புவதாக முடிவானது. சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது. எனக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அதையே சாக்காக வைத்து என்னை விட்டுவிடுவார்கள். சூலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டேன்.

டாரதியிடம் சொல்ல வேண்டியது பாக்கி. பாவம், எனக்காக ஒன்பது நாளை ஒதுக்கி வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை வேலியோரம் போய், மனசுக்குள் பலதரம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். “ஐ கோ.”

அவள் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டாள். “ஹோம்?” என்றாள். “இந்தியா?” ஹோம் என்றால் வீடு. என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்கா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. “யூ ஆர் நாட் கமிங் பேக்?”

திரும்பி வரமாட்டாயா என்கிறாள். பார்த்தீர்களா, மறுபடியும் அதே மாதிரிக் கேள்வி. எஸ் என்றாலும் ஆபத்து, நோ என்றாலும் ஆபத்து. ஒற்றைச் சொல்லைக் கொடுத்துவிட்டு இன்னொருதரம் ஏமாற நான் தயாரில்லை. நம் தமிழிலேயே சொன்னேன், “போயிட்டு வாரேன்.” கிழக்கே கையை நீட்டி, காற்றில் பெரிதாக ஒரு பள்ளம் வரைந்து, எட்டிப் பார்த்து, கையை மடக்கி அவள் வேலியிலேயே கொண்டுவந்து வைத்தேன். டாரதி என்னையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஓ, தி கேன்யன்!” என்று கூவிச் சிரித்தாள். உள்ளே ஓடிப்போய் அவளுடைய ஓலைத் தொப்பியை எடுத்து வந்து என் கொண்டைக்கு மேல் வைத்து அழுத்தினாள்.

அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உள்ளே ஒன்று நழுவியது. நம் பக்கத்தில் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பக் கூடாது. வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதை நம்முடைய இடம் என்று இருக்கும் இடத்தில்தான் சொல்வோம். மூன்று வருஷத்துக்கு முன், சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது, ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்து வந்த என் தங்கையிடம் அதைச் சொன்னேன். “எக்கா, எப்பம் வாரே?” என்றுதான் அவள் ஒவ்வொரு கடிதத்தையும் முடிக்கிறாள். நான் இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை காலை கார் கிளம்பியபோது டாரதி வேலியில் நின்று கையாட்டினாள். “வாரன்! வாரன்!” என்று நான் சொன்னதையே திருப்பிக் கத்தினாள். ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் ஒருத்தி. என் ஒரே சொல்லை இரண்டு பேரும் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கார் கிழக்கே திரும்பியது, சூலத்துக்கு நேராக.