வெறுங்கார் துள்ளும்

மொன்றியலில் அந்தப் பழைய உதிரிப்பாகக் கடை முழுக்கக் கிறீஸ் மணத்தது. என் தங்கை கமலாவின் கணவன் சிவம், வேகத்துக்குப் பேர்போன தன் பழைய அமெரிக்க மசில் காருக்குப் பின்பக்கத் தகட்டு ஸ்பிறிங் வாங்க என்னையும் கூட்டிவந்திருந்தான். கமலாவுக்கு இது பிள்ளைப்பேற்று மாதம்.

"அஞ்சு தகட்டு ஸ்பிறிங் போடுவம் மச்சான். பின்பக்கம் எழும்பி நிண்டால்தான் வடிவு."

அந்தத் தகட்டைத் தொட்டதும் எனக்கு ஊரில் ஐயா ஓட்டிய வாடகைக் கார் நினைவில் வந்தது. கோயில் திருவிழாவுக்கு ஆட்களை நிறைய ஏற்றவென்று, அதன் ஸ்பிறிங்கில் ஒரு தகட்டைக் கூடுதலாகப் போட்டு விறைப்பாக்கியிருந்தார். ஆள் நிறைந்தால் தொட்டில் மாதிரி ஓடும். வெறுமையாக ஓடினால் துள்ளும்.

கமலா பிறக்க அம்மாவுக்கு வலி எடுத்த மத்தியானம், ஐயா ஒழுங்கையில் நின்று கத்தினார்.

"எல்லாரும் வந்து ஏறுங்கோ! வெறுங்கார் துள்ளும், இவள் தாங்கமாட்டாள்!"

அயல் பெண்கள் உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார்கள். "என்ரை உடம்பு இண்டைக்குத்தான் உதவுது" என்று பொன்னம்மாக்கா சிரித்துக்கொண்டே அம்மாவைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். முன்சீற்றில் நான் நசுங்கியிருந்தேன். திருநீற்று மணமும் வியர்வையும், வழி முழுக்க "பிள்ளையாரே" என்ற குரலும். ஆஸ்பத்திரிவரை கார் துள்ளவேயில்லை.

"என்ன மச்சான் யோசினை?" என்றான் சிவம்.

"கமலாவை இந்தக் காரிலைதானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போறாய்?"

"ஓம்."

"அப்ப மெத்தெண்டு இருக்கிறதாப் பார். இங்கை கூட ஏற ஆர் இருக்கினம்? நானும் பிள்ளையாரும்தான்."

சிவம் சிரித்தான். பிறகு ஐந்து தகட்டு ஸ்பிறிங்கைத் திருப்பி வைத்துவிட்டு, மெத்தென்ற மூன்று தகட்டு ஸ்பிறிங்கைத் தூக்கினான்.