யானைக்கு மீசை

நான் ஒரு முட்டாள். இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனால் இந்த முறை முட்டாள்தனத்துக்காகக் கடைக்குப் போய் ரப்பர் வேறு வாங்கியிருக்கிறேன்!

ஐம்பது, அறுபதுகளில் வந்த சிறுவர் படக்கதைகளைச் சேர்க்கிற பைத்தியம் எனக்கு உண்டு. போன மாதம் பூதப்பாண்டியில், பழைய பேப்பர் கடையில் ஒன்று அகப்பட்டது. ஆரஞ்சு, பச்சை என்று இரண்டே நிறத்தில் அச்சடித்த யானைக் கதை. யானையின் காது ஓரிடத்தில் நிற்கும், காதின் நிறம் கொஞ்சம் தள்ளி நிற்கும். ஆஹா!

ஒரே குறை... எவனோ ஒரு பயல் பென்சிலால் விளையாடியிருந்தான். யானைக்கு மீசை. ராணிக்கு மூக்குக் கண்ணாடி. முதல் பக்கத்தில் கோணல்மாணலாக, 'மணி, மூணாம் வகுப்பு'.

சேகரிப்பவனுக்குப் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டாமா? இரண்டு நாள் உட்கார்ந்து அழித்தேன். தாள் நோகாமல், ஒரே திசையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"அந்தப் பிள்ளைக்கு இப்பம் எழுபது வயசாவது இருக்கும். இனியா நோட்டு திருத்துகிய?" என்றாள் மனைவி.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போன்.

"பேப்பர் கடையில நம்பர் தந்தாவ. புக்கை மோந்து பாத்து வாங்குகவரு நீங்கதானா?"

என் புகழ் தோவாளை வரை எட்டிவிட்டது! பேசியவர் லீலா அக்கா. பழைய வீட்டை இடித்தபோது, மருமகன் ஒரு பெட்டியை அப்படியே பேப்பர் கடையில் போட்டுவிட்டாராம்.

"அதுல ஒரு ஆனைக் கதை உண்டு. எங்க அண்ணன் மணிக்க புக்கு. எட்டு வயசுல மஞ்சக்காமாலையில போயிட்டான். போட்டோ ஒண்ணும் கிடையாது. அவனுக்க கையெழுத்து அதுல மட்டும்தான் இருக்கு."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "கொண்டு வாறேன் அக்கா" என்றேன்.

அன்று பென்சிலைச் சீவிக் கையில் எடுத்ததையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரையவில்லை. நல்லவன் என்பதால் அல்ல... மூன்றாம் வகுப்புப் பையனின் 'ம' இந்தக் கிழட்டுக் கைக்கு வராது.

மறுநாள் தோவாளைக்கு பஸ் ஏறினேன். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தார். அடுத்த பக்கம். அதற்கடுத்தது. மறுபடியும் முதல் பக்கம்.

"ஆனைக்கு மீசை உண்டும்லா?"

"அழுக்குன்னு நெனச்சு... அழிச்சிட்டேன் அக்கா. சரிச்சுப் பிடிச்சா தடம் தெரியும்."

ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். எனக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது அந்த இரண்டு நாள்தான்.

"பைசா ஒண்ணும் வேண்டாம் அக்கா, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றேன், பெரிய வள்ளல் மாதிரி.

அவர் புத்தகத்தை மூடினார். நான் கொண்டுவந்த கவரிலேயே போட்டு, என் கையில் கொடுத்தார்.

"இது எங்க புக்கு இல்ல."